செலெக்ட் எழுதியதும் அரே மாறிவிடாது: லாம்டாவில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

சி ஷார்ப் நிரல்மொழியைக் கற்கத் தொடங்கியவர்கள் எழுதும் நிரல்களைப் பார்க்கும்போதெல்லாம், ஒரு காலத்தில் நானும் எழுதிய அதே வரிகள் கண்ணில் படுகின்றன. அடைப்புக்குறி விடுபட்டால் கம்பைலரே சொல்லிவிடும். அது சொல்லாமல் விடுபவைதான் ஆபத்து.

செலெக்ட் இன்னும் ஓடவே இல்லை

எனக்கு இன்றும் எரிச்சல் மூட்டுவது இதுதான். ஆர்டர்களை வரிசையாக வைத்திருக்கும் அரேயை பில்களாக மாற்ற வேண்டும். ஒவ்வோர் உறுப்பையும் மாற்றித் தரும் செலெக்டுக்குள் ஒரு லாம்டா, அதாவது பெயரில்லாத ஒரு குட்டி ஃபங்ஷன். ஒவ்வொரு ஆர்டருக்கும் புது பில், அதற்கு, நியூகைட் மெத்தட் அழைக்கும் ஒவ்வொரு முறையும் தரும் புது எண். விடையை ஒரு வேரியபிளில் வைத்ததும் வேலை முடிந்தது என்று நினைத்துவிடுகிறார்கள். அதில் இருப்பது பில்கள் அல்ல, பில் போடும் முறை மட்டுமே. ஃபார்ஈச் லூப் ஒவ்வொன்றாக எடுத்துச் சுற்றும்போதுதான் லாம்டா ஓடும். இன்னொரு முறை சுற்றினால் மறுபடி முதலிலிருந்து ஓடும்.

ஒரு ப்ராஜெக்டில் முதல் ஃபார்ஈச் பில்களை டேட்டாபேஸில் சேமித்தது, அடுத்தது மெயில் அனுப்பியது. வாடிக்கையாளர் மெயிலில் வந்த எண்ணைச் சொல்லிக் கேட்டால், டேட்டாபேஸில் அப்படி ஒரு பில்லே இல்லை! தொகை எல்லாம் சரியாக இருந்ததால் டெஸ்டிங்கில் யாருக்கும் சந்தேகம் வரவில்லை. மெயில் சர்வரைத் துருவினார்கள், டேட்டாபேஸைத் துருவினார்கள். கடைசியில் செலெக்டுக்குப் பின்னால், விடைகளை அப்போதே அரேயாக்கும் ஒரு டூஅரே சேர்த்ததும் சரியாகிவிட்டது. ஆனால் ஏற்கெனவே போன பில்களை ஆள் உட்கார்ந்து ஒவ்வொன்றாக ஆர்டரோடு பொருத்த வேண்டியிருந்தது.

லாம்டாவுக்குள் டேட்டாபேஸ் அழைப்பு இருந்தால் இன்னும் மோசம்: கூட்டுத்தொகைக்கு ஒருமுறை, திரையில் காட்ட ஒருமுறை என்று திரும்பத் திரும்பப் போகும். செலெக்ட் வரியைச் சுற்றி மட்டும் பிழையைப் பிடிக்கும் ட்ரை கேட்ச் போட்டும் பயனில்லை. பிழை வெடிப்பது ஃபார்ஈச்சில்.

சரி, அரேயிலிருந்து அரேதான் வேண்டும் என்றால் சி ஷார்ப் ஓடும் தளமான டாட்நெட்டில் 2.0 காலத்திலிருந்தே அரே வகுப்பில் கன்வர்ட்ஆல் இருக்கிறது. கன்வர்ட்டர் டெலிகேட்டை (டெலிகேட் என்பது ஒரு மெத்தடைச் சுட்டும் ஆப்ஜெக்ட்) வாங்கி, அப்போதே எல்லாவற்றையும் மாற்றிப் புது அரேயைக் கையில் தரும். நான் அதைத்தான் முதலில் சொல்லிக்கொடுப்பேன்.

ஃபார் லூப்பின் ஐ

லூப்பை எண்ணும் ஐ-யை லாம்டாவுக்குள் பயன்படுத்தினால், லாம்டா பிடித்துவைப்பது அப்போதைய மதிப்பை அல்ல, அந்த வேரியபிளையே. டெலிகேட்டுகளைச் சேர்த்துவைத்து அப்புறம் ஓட்டினால் எல்லாமே லூப் முடிந்தபோது இருந்த மதிப்பைத்தான் பார்க்கும். லூப்புக்குள் ஐ-யின் நகல் ஒன்று எடுத்து, அதை லாம்டாவுக்குக் கொடுங்கள். 2012-இல் வந்த சி ஷார்ப் 5 இதை ஃபார்ஈச்சுக்கு மட்டுமே சரிசெய்தது.

அரேயின் ஃபார்ஈச் மெத்தட்

முழு எண்கள் கொண்ட இன்ட் அரேயில், இந்த மெத்தடுக்குக் கொடுக்கும் லாம்டாவின் பாராமீட்டருக்குப் புது மதிப்பு கொடுத்தால் அரே மாறாது.

ப்ளஸ் ஈக்வல் போட்டு மாற்றங்களை அடுக்குவது

ஒரே டெலிகேட்டில் இப்படிப் பல மெத்தடுகளைச் சேர்த்தாலும், ஒன்றின் விடை அடுத்ததற்குப் போகாது. எல்லா மெத்தடும் ஓடும். கடைசி மெத்தடின் விடை மட்டும் திரும்பும்.