பனி விழும் முன்: நாய் இழுக்க சைக்கிள் ஓட்டிப் பழகுவது

நார்வேயில் பனிவண்டி நாய்களைப் பழக்குபவர்கள் பனிக்காகக் காத்திருப்பதில்லை. கோடை தணிந்ததும் வெறும் மண் பாதையிலேயே தொடங்கிவிடுகிறார்கள். இதை அங்கே 'பார்மார்க்' (பனியில்லாத வெறும் தரை) பயிற்சி என்பார்கள். ஒரு நாய் வைத்திருப்பவருக்கு இதில் ஏற்றது மவுன்டன் பைக். நாய் இழுக்க, இலையுதிர்காலத்தில் சைக்கிள், குளிர்காலத்தில் பனிச்சறுக்கு என இரண்டிலும் போட்டியிடும் பெண்கள் அங்கே உண்டு. இரண்டுக்கும் அடிப்படை ஒன்றே: நாயை இணைக்கும் கயிறு எப்போதும் இறுகியிருக்க வேண்டும்.

நாய்க்குக் குறைந்தது 18 மாதம் ஆகியிருக்கட்டும். எலும்பு வளர்ந்து முடியாத குட்டியை இழுக்கவிட்டால் மூட்டு கெடும்.

சைக்கிளில் முதலில் பார்க்க வேண்டியது பிரேக். டிஸ்க் பிரேக் இல்லாத வண்டியை எடுக்கவே வேண்டாம். ஈரச் சேற்றில், சக்கர வளையத்தைப் பிடிக்கும் ரிம் பிரேக் கைவிட்டுவிடும். அடுத்தது ஆன்டெனா. ஹேண்டில்பாருக்குக் கீழிருந்து முன்சக்கரத்துக்கு மேலாக நீளும் இந்தத் தண்டு, கயிறு சக்கரத்தில் விழாமல் தாங்கும். கயிற்றை ஹேண்டில்பாரில் கட்டாதீர்கள். நாய் பக்கவாட்டில் பாய்ந்தால் ஹேண்டிலும் கூடவே திரும்பி, ஆளைக் கீழே தள்ளும். ஃபிரேமின் ஹெட் டியூபை (ஹேண்டிலுக்குக் கீழே உள்ள முன்பக்கக் குழாய்) சுற்றிக் கட்டி, ஆன்டெனா வழியாக விடுங்கள். கயிறு 2 முதல் 2.5 மீட்டர் நீளம், நடுவே இலாஸ்டிக் பகுதியோடு இருக்கட்டும். இலாஸ்டிக் இல்லாவிட்டால் ஒவ்வொரு அதிர்வும் நேராக நாயின் முதுகுக்குப் போகும். கழுத்துப்பட்டையில் கயிறு மாட்டவே கூடாது, உடம்பைச் சுற்றி மாட்டும் இழுவை ஹார்னஸ்தான். அது தோள்பட்டை அசைவைத் தடுக்கக் கூடாது, மூச்சுக்குழலை அழுத்தவும் கூடாது. ஓட்டுபவருக்கு ஹெல்மெட், கையுறை, கண்ணைக் காக்கும் கண்ணாடி மூன்றும் கட்டாயம். நாயின் பின்கால் வாரியிறைக்கும் கல் முகத்துக்குத்தான் வரும்.

பழக்கத்தை நடையிலிருந்து தொடங்குங்கள். ஹார்னஸ் மாட்டி, இலேசான டயர் ஒன்றை இழுக்கவிட்டு, வலப்பக்கத்துக்கு 'ஜீ', இடப்பக்கத்துக்கு 'ஹா' என்று திருப்பங்களில் சொல்லிக்கொடுங்கள். சொல் திருப்பத்துக்குச் சில அடிகள் முன்னதாகவே வர வேண்டும்; திரும்பிய பிறகு சொன்னால் நாய்க்கு அது வெறும் சத்தம். பிறகு சைக்கிளைத் தள்ளியபடி நடக்கலாம். சக்கரச் சத்தம் பழகியதும் 300 முதல் 500 மீட்டர், நேரான மண் பாதையில், முன்னால் ஒருவர் ஓட, நாய் இழுக்கட்டும். களைப்பதற்கு முன்பே நிறுத்திவிடுங்கள். இழுப்பது வேதனை என்று ஒருமுறை பட்டுவிட்டால், அந்த ஆர்வத்தை மீட்பது பெரும்பாடு.

பெரும்பாலான விழுகைகள் இறக்கத்தில் நடக்கின்றன. சைக்கிள் நாயை விட வேகமாக உருள, கயிறு தொய்ந்து சக்கரத்தில் சுற்றிக்கொள்ளும். இறக்கம் தொடங்கும் முன்பே பின்பிரேக்கை இலேசாகப் பிடித்து, கயிறு இறுகும் வேகத்திலேயே போங்கள். ஏற்றத்தில் நாயை மட்டும் நம்பாமல் பெடல் மிதியுங்கள்.

நாய்க்கு உண்மையான ஆபத்து வெப்பம். 15 டிகிரியைத் தாண்டினால் பலர் சைக்கிளை எடுப்பதில்லை. காற்றில் ஈரம் மிகுந்தால் அதற்கும் கீழேயே நிறுத்துவது நல்லது, ஏனெனில் நாய் மூச்சிரைத்துத்தான் உடம்பைத் தணிக்கிறது. ஓடும் முன் சில மணி நேரம் தீனி வேண்டாம். தண்ணீரை ஒன்றிரண்டு மணி முன்பே கொடுத்துவிடுங்கள். நாக்கு அகன்று தொங்கி, கால் தடுமாறினால் உடனே கயிற்றைக் கழற்றி, நிழலில் உடம்பை நனைத்து, கால்நடை மருத்துவரிடம் கொண்டுபோங்கள்.