பிள்ளை வளர்ந்துவிடுவான் என்று பெரிய மலைநடைப் பை வாங்காதீர்கள்

ஜூன் மாதம் பாதி கடந்தால் தென்னாப்பிரிக்காவின் டர்பனில் என் போன் ஓயாது. பள்ளி விடுமுறைக்கு பெர்க்குக்கு, அதாவது டிராக்கன்ஸ்பெர்க் மலைக்குப் போகிறோம், பிள்ளைகளும் வருகிறார்கள், என்ன பை வாங்கலாம் என்று கேட்பார்கள். கேட்கிற பலர் ஏற்கெனவே வாங்கி முடித்திருப்பார்கள். நான் தலையாட்ட வேண்டும், அவ்வளவுதான். பிறகு மலையடிவாரத்தில் கார் டிக்கியைத் திறந்து பைகளை இறக்கும்போது பார்த்தால், நாங்களெல்லாம் ஆரம்பத்தில் செய்த அதே தவறுகள் அப்படியே வரிசையாக இறங்கும்.

தையல் பிரிந்திருக்கிறதா, ஜிப் ஓடுகிறதா என்பதையெல்லாம் இங்கே எழுதப்போவதில்லை. அது உங்களுக்கே தெரியும். பன்னிரண்டு வயதிலிருந்து மெட்ரிக் (பன்னிரண்டாம் வகுப்பு) முடிக்கிற வயது வரை உள்ள பிள்ளைகளோடு ஒன்றிரண்டு இரவு தங்கி நடக்கப் போகிறவர்களுக்கு மட்டும் இது.

பள்ளிப் பையே போதும் என்பது

ஒரு நாள் நடைக்குப் போதும். இரவு தங்கினால் போதாது.

"வளர்ற பிள்ளைதானே, பெரிசா எடு"

எட்டாம் வகுப்புக்குப் போகிற பிள்ளைக்கு நம் வீடுகளில் பிளேசர், அதாவது பள்ளிச் சீருடைக் கோட்டு, எப்படி வாங்குகிறோம்? கை முழுதும் மூடி விரல்நுனி மட்டும் தெரிகிற மாதிரி வாங்குவோம். மெட்ரிக் வரை ஓட வேண்டும். பிளேசர் விற்கிற விலைக்கு அது நல்ல கணக்குதான். தொளதொளவென்று இருந்தாலும் பிளேசர் யாரையும் காயப்படுத்தாது. அதே கணக்கோடு மலைப்பைக் கடைக்குள் போவதுதான் எனக்கு இன்றுவரை எரிச்சல் மூட்டுகிற தவறு.

ஜயன்ட்ஸ் கப் பாதைக்கு ஒருமுறை எங்களோடு ஒரு குடும்பம் வந்தது. சானி பாஸ் அடியில் தொடங்கி புஷ்மன்ஸ் நெக் வரை ஏறத்தாழ 60 கிலோமீட்டர் போகிற பாதை. ஐந்து நாள் நடந்து, இரவில் குடில்களில் தங்குகிற மாதிரி அமைத்திருக்கிறார்கள். கூடாரம் சுமக்க வேண்டியதில்லை என்பதால் பிள்ளைகளுக்கு நல்ல தொடக்கம். அந்தப் பையனுக்குப் பதின்மூன்று வயது இருக்கும். அவன் முதுகில் பெரியவர்களுக்கான 65 லிட்டர் பை. அப்பாவிடம் கேட்டேன். "இன்னும் ரெண்டு வருஷத்துல என்னைவிட உயரமாயிடுவான், அக்கா. அப்ப மறுபடியும் செலவு பண்ணணுமா?" என்றார். கடையில் என்ன சொன்னார்கள் என்று கேட்டேன். "வாரை இழுத்துச் சின்னதாக்கிக்கலாம்னு சொன்னாங்க."

வாரை இழுக்கலாம். முதுகுச் சட்டத்தை இழுக்க முடியாதே! கடைகளில் இந்த ஒரு வாக்கியத்தைச் சொல்லி எத்தனை பைகளைத் தள்ளிவிடுகிறார்கள் என்று நினைத்தாலே கோபம் வருகிறது.

நல்ல மலைப்பையில் சுமையைத் தாங்குவது தோள் இல்லை, இடுப்பு. இடுப்புப் பட்டை இடுப்பெலும்பின் மேல்விளிம்பைக் கவ்வி உட்கார்ந்தால் எடையின் பெரும்பகுதி கால்களுக்கு இறங்கிவிடும். தோள் வார் பையைப் பின்னால் சாயவிடாமல் பிடித்துக்கொள்ளும், அவ்வளவே. சட்டம் பிள்ளையின் முதுகைவிட நீளமாக இருந்தால் பட்டை இடுப்பைத் தாண்டிப் பிட்டத்தில் இறங்கும். அங்கே கவ்வ எலும்பு இல்லை. ஒல்லிப் பிள்ளையாக இருந்தால் இன்னொன்றும் நடக்கும்: பட்டையை எவ்வளவு இறுக்கினாலும் இரண்டு பக்கத்துப் பஞ்சும் முன்னால் வந்து முட்டிக்கொள்ளும். அதற்குமேல் இறுக்க இடமில்லை. முழு எடையும் தோளுக்கு வந்துவிடும்.

அந்தப் பையனுக்கு அதுதான் நடந்தது. முதல் நாள் வாய் திறக்கவில்லை, பிடிவாதக்காரன். இரண்டாம் நாள் மதியம் கை மரத்துப்போகிறது, விரலில் ஊசி குத்துகிற மாதிரி இருக்கிறது என்றான். இதைச் சோர்வு என்று ஒதுக்கக் கூடாது. வார் அழுத்தத்தில் தோளருகே ஓடுகிற நரம்புகள் நசுங்குவதன் அடையாளம் அது. ரக்சாக் பால்சி என்று மருத்துவத்தில் தனிப்பெயரே உண்டு. பையை உடனே இறக்கினோம். அவன் அப்பா தன் பையை முதுகிலும் மகனின் பையை மார்பிலும் மாட்டிக்கொண்டு நடந்தார். மார்பில் பை இருந்தால் தன் கால் வைக்கும் கல் தனக்கே தெரியாது. இறக்கத்தில் அவரை முன்னால் விட்டு, கூடவே "இடது, வலது" என்று சொல்லிக்கொண்டு போனது இன்னும் நினைவிருக்கிறது. பை காசு போனது ஒரு பக்கம். அந்தப் பையன் அதன் பிறகு பெர்க் பக்கமே வரவில்லை என்று அவன் அம்மா சொன்னார். செலவு என்றால் எனக்கு அதுதான் செலவு.

இதில் பெற்றோர் ஏமாறுவதற்கு ஒரு காரணம் உண்டு. பதின்ம வயதில் முதலில் நீள்வது கால். உடம்பு பிறகுதான் நீளும். பதினான்கு வயதுப் பிள்ளை அம்மாவின் உயரத்தைத் தொட்டிருப்பான், ஆனால் முதுகு இன்னும் சின்னப் பிள்ளையின் முதுகாகவே இருக்கும். உயரத்தைப் பார்த்து வாங்குகிறவர்கள் காலை அளந்து முதுகுக்கு வாங்குகிறார்கள்.

முதுகை அளப்பது ஒன்றும் கஷ்டமில்லை. பிள்ளையைத் தலை குனியச் சொல்லுங்கள். கழுத்தும் முதுகும் சேருமிடத்தில் ஓர் எலும்பு துருத்தும், டேப்பின் நுனியை அங்கே வையுங்கள். இரண்டு கையையும் இடுப்பெலும்பின் மேல்விளிம்பில், கட்டைவிரல் பின்பக்கம் வருகிற மாதிரி வைக்கச் சொல்லுங்கள். கட்டைவிரல்களுக்கு நடுவே ஒரு கோடு இருப்பதாக வைத்துக்கொண்டு, அதுவரை தையல் டேப்பை முதுகின் வளைவோடு ஒட்டிப் பிடித்து அளந்தால் முடிந்தது. பெரியவர்களில் பெரும்பாலோருக்கு இது 40-க்கும் 53 சென்டிமீட்டருக்கும் நடுவில் வரும். பிள்ளைக்கு வந்த எண்ணை எழுதிக்கொண்டு கடைக்குப் போங்கள். ஸ்மால், மீடியம் என்ற எழுத்தை நம்ப வேண்டாம். ஒரு கம்பெனியின் ஸ்மால் இன்னொன்றின் மீடியம்.

"அப்போ ஒவ்வொரு வருஷமும் புதுசு வாங்கணுமா?" வேண்டாம். முதுகு நீளத்தை மாற்றக்கூடிய பைகள் இருக்கின்றன. தோள் வார் முழுதும் சட்டத்தின்மேல் ஏறி இறங்கும், வெல்க்ரோவிலோ படிப்படியான கொக்கியிலோ மாட்டிக்கொள்ளும். ஆஸ்ப்ரே ஏஸ், டாய்ட்டர் ஃபாக்ஸ் போன்றவை இளம்பிள்ளைகளுக்காகவே இப்படிச் செய்யப்பட்டவை. வளர்ச்சிக்கு இடம் விட வேண்டும் என்ற உங்கள் கணக்கு இங்கே செல்லும். ஒன்று மட்டும் கவனியுங்கள். பிள்ளையின் இன்றைய அளவு அந்தப் பையின் கீழ் எல்லைக்குச் சற்று மேலே இருக்க வேண்டும். கீழ் எல்லைக்கும் கீழே இருந்தால் அது மறுபடியும் பிளேசர்தான்.

பெரிய பையில் இன்னொரு கேடு, அது நிரம்பிவிடும். வளரும் பிள்ளை தன் எடையில் பத்திலிருந்து பதினைந்து சதவீதத்துக்குமேல் தூக்க வேண்டாம் என்பது பொதுவாகச் சொல்லப்படும் அளவு. 45 கிலோ எடையுள்ள பெண்ணுக்கு மேல் எல்லையே 7 கிலோவுக்குச் சற்றுக் குறைவு. 65 லிட்டர் பை பல நேரம் காலியாகவே 2 கிலோ. குளிர்காலத் தூக்கப்பை ஒன்றரை கிலோ. தண்ணீர் இரண்டு லிட்டர் என்றால் இன்னொரு 2 கிலோ. சாப்பாடும் ஜாக்கெட்டும் இன்னும் வரவே இல்லை! இந்த நேரம் பார்த்து ஆயா வந்து, "பையில இவ்ளோ இடம் இருக்கே" என்று கண்ணாடி பாட்டிலில் மாங்காய் ஊறுகாய் வைப்பார். இரவு குடிலில் தங்குகிற நடைக்குப் பதின்ம வயதுப் பிள்ளைக்கு 35 முதல் 45 லிட்டர் தாராளம். பெரியவர்களுக்கு 50, 60. ஊறுகாயைச் சின்ன பிளாஸ்டிக் டப்பாவுக்கு மாற்றி அப்பா பையில் வையுங்கள். ஊறுகாய் வேண்டாம் என்று நான் சொல்லவே மாட்டேன்.

கடையில் காலிப் பையை மாட்டிப் பார்ப்பது

காலிப் பை எல்லாருக்கும் பொருந்தும். எடை போட்டுப் பார்க்க வேண்டும். கடையில் மணல் மூட்டையோ எடையோ வைத்திருந்தால் கேளுங்கள். இல்லையென்றால் திருப்பிக் கொடுக்கலாமா என்று கேட்டுவிட்டு, லேபிளைக் கிழிக்காமல் வீட்டுக்குக் கொண்டுவாருங்கள். இரண்டரை கிலோ மீலி மீல் (சோளமாவு) பாக்கெட் இரண்டைத் துண்டில் சுற்றி முதுகை ஒட்டி வைத்தால் 5 கிலோ.

மாட்டுவதற்கும் ஒரு வரிசை உண்டு. எல்லா வாரையும் தளர்த்துங்கள். முதலில் இடுப்புப் பட்டை, அதன் நடுப்பகுதி இடுப்பெலும்பின்மேல் வரவேண்டும். பிறகு தோள் வார், ஒட்டினால் போதும், அழுத்தக் கூடாது. அப்புறம் தோளுக்குமேல் பையின் தலைப்பக்கம் போகிற சின்ன வார்களைக் கொஞ்சம் இழுங்கள், அவை ஏறத்தாழ 45 டிகிரி சாய்வில் நிற்க வேண்டும். கடைசியில் மார்பு வார். பலரும் தலைகீழாக, தோளில் தொடங்குகிறார்கள். அப்படியே கடையை விட்டுப் போகாமல் அரை மணி நேரம் மாடிப்படி ஏறி இறங்கச் சொல்லுங்கள். பிள்ளைக்கு வெட்கமாக இருக்கும். இருக்கட்டும்.

அண்ணன் பை தங்கைக்கு

பொருந்தினால் மிச்சம். ஆனால் அளந்துவிட்டுக் கொடுங்கள். பெண்பிள்ளைகளுக்குத் தோள் ஒடுங்கலாக இருந்தால் நேரான வார்கள் வெளிப்பக்கம் நழுவும், அவற்றை உள்ளே இழுக்க மார்பு வாரை இறுக்கி இறுக்கி மூச்சு முட்டும். வளைந்த வார் வைத்த பெண்கள் பைகள் அதற்காகத்தான். மெலிந்த பையனுக்கும் சில நேரம் அதுவே நன்றாகப் பொருந்தும். சீட்டில் என்ன எழுதியிருக்கிறது என்று அவனிடம் சொல்லாதீர்கள்.

எல்லாவற்றையும் அப்பா சுமப்பது

மேலே எழுதியதைப் படித்துவிட்டுச் சிலர் நேர் எதிராகப் போவார்கள். பிள்ளை கையை வீசிக்கொண்டு முன்னால் ஓடும், எல்லா ஜாக்கெட்டும் பின்னால் வருகிற அப்பாவிடம் இருக்கும். பெர்க்கில் பனிமூட்டம் சொல்லாமல் இறங்கும். கோடையில் பிற்பகல் இடிமழை வழக்கம். குளிர்காலத்தில் பனிகூடப் பெய்யும். பிரிந்துபோனால் அந்தப் பிள்ளையிடம் என்ன இருக்கிறது என்பதுதான் கேள்வி. மழை ஜாக்கெட், கதகதப்பான மேல்சட்டை ஒன்று, தண்ணீர், கொஞ்சம் பில்டாங்கோ (உப்பிட்டு உலர்த்திய இறைச்சி) பழமோ, தலைவிளக்கு, விசில். இவை அவரவர் பையிலேயே இருக்க வேண்டும். பானை, அடுப்பு, சோளமாவு, பருப்பு எல்லாம் பெரியவர்களுக்கு.

வெளியே தொங்கவிடுவது

பெர்க்கில் சென்டினல் கார் நிறுத்துமிடத்திலிருந்து ஆம்ஃபிதியேட்டர் என்கிற பெரும் பாறைச்சுவரின் உச்சிக்குப் போகிறவர்கள் பாறைமேல் பதித்த சங்கிலி ஏணிகளில் ஏற வேண்டும். உச்சியில் 948 மீட்டர் டுகேலா அருவியின் தலையையே பார்க்கலாம் என்பதால் பிள்ளைகள் அடம்பிடித்து வருவார்கள். ஏணியில் ஏறும்போது பையின் வெளியே தொங்குகிற குவளை, செருப்பு, சுருட்டிய மெத்தை எல்லாம் சங்கிலியில் மாட்டும், இல்லையென்றால் ஆடி உடம்பைப் பின்னுக்கு இழுக்கும். பைக்குள் போகாதது வீட்டிலேயே இருக்கட்டும். மெத்தையை வெளியே கட்டியே ஆகவேண்டும் என்றால் செங்குத்தாக, இரண்டு இடத்தில் இறுக்கிக் கட்டுங்கள். குறுக்கே கட்டாதீர்கள்.

மழை உறையை நம்புவது

பையோடு வருகிற அந்த வண்ண உறை காற்றில் பறந்துவிடும். பறக்காவிட்டாலும் முதுகுப்பக்கம் திறந்துதானே இருக்கிறது, தண்ணீர் அந்த வழியாக இறங்கும். தடிமனான குப்பைப் பை ஒன்றைப் பைக்குள் விரித்து, அதற்குள் துணியும் தூக்கப்பையும் வைத்து, வாயை முறுக்கி மடியுங்கள். ஆட்டர் டிரெயில் என்கிற கடலோர நடைபாதையில் நான்காம் நாள் ப்ளூக்ரான்ஸ் ஆற்றைக் கடக்கிறவர்கள் முழுப் பையையும் பெரிய பிளாஸ்டிக் பையில் கட்டி மிதக்கவிட்டு நீந்துவார்கள். யாரும் மழை உறையை நம்பி ஆற்றில் இறங்குவதில்லை.

நிறம்

பிள்ளையே முடிவு செய்யட்டும். தலையிடாதீர்கள்.

முதல் நடைக்கே வாங்கிவிடுவது

முதலில் இரவல் கேட்டுப் பாருங்கள், கிடைக்கும். பள்ளியில் பிரசிடென்ட்ஸ் அவார்டு என்கிற இளையோர் விருதுத் திட்டத்தின் நடைக்குப் போய்வந்த பிள்ளைகள் வீட்டில் பை சும்மா தொங்கிக்கொண்டிருக்கும். கோயிலில் கூழ் ஊற்றுவதற்கு அண்டா இரவல் கேட்கத் தயங்காதவர்கள் நாம், பை கேட்க என்ன கூச்சம்? ஒரே ஒரு நிபந்தனை, இரவல் பையையும் அளந்துவிட்டு எடுங்கள். இரண்டு நடை போய்வந்த பிறகு பிள்ளைக்கு ஆசை இருக்கிறதா, எந்த இடத்தில் உறுத்துகிறது என்பது தெரிந்துவிடும். அதன் பிறகு போடுகிற காசு வீணாகாது.

வாஷிங் மெஷினில் போடுவது

வேண்டாம். துணியின் உட்புறப் பூச்சு உரிந்து வரும், பஞ்சும் உருமாறும். குளியல் தொட்டியில் வெதுவெதுப்பான தண்ணீர், கொஞ்சம் மிதமான சோப்பு, ஒரு பழைய பிரஷ். எல்லா ஜிப்பையும் திறந்து தலைகீழாக நிழலில் தொங்கவிடுங்கள். முழுதும் காயாமல் அலமாரியில் வைத்தால் டர்பன் ஈரக்காற்றில் ஒரு மாதத்தில் பூஞ்சை பிடிக்கும்.