பெல்லட் நொறுங்கினால் சூளையைக் குறை சொல்லாதீர்கள்

இரும்பு எடுக்கும் ஊது உலைக்குப் போகும் இரும்புத் தாது பெல்லட் (தாதுத்தூளை உருட்டிச் சூளையில் சுட்ட சிறு உருண்டை) நொறுங்கினால், உடனே சூளையின் வெப்பத்தைக் கூட்டிப் பார்ப்பதுதான் பலரின் வழக்கம். ஆனால் பெரும்பாலான குறைகள் பச்சை உருண்டையிலேயே, அதாவது சுடுமுன் இருக்கும் ஈர உருண்டையிலேயே, புகுந்துவிடுகின்றன. அவற்றைச் சூளையால் சரிசெய்ய முடியாது.

தாதுத்தூளில் ஏறத்தாழ 80 சதவீதம் 45 மைக்ரானுக்கும் நுண்ணியதாக இருக்க வேண்டும். அரைப்பதில் மிச்சம் பிடித்துவிட்டு, ஒட்டாததற்கு பென்டோனைட் என்னும் ஒட்டுக் களிமண்ணை அள்ளிப் போடுவது மோசமான குறுக்குவழி. டன்னுக்கு 5 முதல் 10 கிலோ போதும். அதற்கு மேல் போடுவதெல்லாம் வேண்டாத சிலிகாதான். ஊது உலையில் அது கசடாகி, கோக் எரிபொருளை வீணாக்கும்.

ஈரப்பதம் பொதுவாக 8 முதல் 10 சதவீதத்துக்குள் நிற்கட்டும். கூடினால் உருண்டைகள் ஒன்றோடொன்று ஒட்டிப் பெருக்கும், குறைந்தால் வளரவே வளராது. பச்சை உருண்டையை 45 செ.மீ. உயரத்திலிருந்து திரும்பத் திரும்பப் போட்டுப் பாருங்கள். நாலைந்து முறையாவது உடையாமல் தாங்க வேண்டும்.

அப்புறம் உலர்த்தும் அவசரம். சூடான காற்றைச் சட்டென்று பாய்ச்சினால் உள்ளிருக்கும் நீராவி வெளியேற வழியின்றி உருண்டையை வெடிக்கவைக்கும். தெறித்த தூள், உருண்டைகள் பரப்பிய படுகையை அடைத்துவிடும். காற்று சீராகப் போகாது, நல்ல உருண்டைகளும் அரைகுறையாகவே வேகும்.

மேக்னடைட் தாதுவில் இன்னும் கவனம் தேவை. சுடும்போது அது ஆக்சிஜனேற்றம் அடைந்து ஹெமடைட் என்னும் இன்னொரு இரும்பு ஆக்சைடாக மாறி, தானே வெப்பமும் தருகிறது. இந்த மாற்றம் முன்சூடாக்கும் கட்டத்திலேயே பெரும்பாலும் முடிந்திருக்க வேண்டும். முடியுமுன் 1,250 டிகிரி செல்சியஸுக்கு மேல் கொண்டுபோனால் வெளி ஓடு இறுகி ஆக்சிஜனை உள்ளே விடாது. நடுவில் மேக்னடைட் அப்படியே தங்கும். உள்ளும் புறமும் வெவ்வேறு அளவில் சுருங்க, இடையே வட்டமாக விரிசல் விழும். வெளியே பார்த்தால் ஒன்றும் தெரியாது, அதனால் சிலவற்றை உடைத்துப் பார்த்தே ஆக வேண்டும்.

நசுக்கு வலிமை ஒரு பெல்லட்டுக்கு 250 கிலோவைத் தொட்டதும் சரி என்று நிறுத்திவிடுவதும் தவறுதான். அது குளிர்ந்த நிலை அளவு. உலைக்குள் ஆக்சிஜன் பிரியும்போது பெல்லட் வீங்கும். 20 சதவீதத்தைத் தாண்டினால் நொறுங்கி வாயு ஓட்டத்தை மறிக்கும். ஒடுக்கச் சூழலில் (ஆக்சிஜனைப் பிரித்தெடுக்கும் வாயுவில்) வீக்கத்தைத் தனியே சோதியுங்கள். மிகுந்தால் டோலமைட் அல்லது ஆலிவின் கனிமத்தைச் சேர்த்து மெக்னீசியாவை (மெக்னீசியம் ஆக்சைடை) கூட்டிப் பாருங்கள்.