மெஷின் நின்றால் டைமரையும் நிறுத்துங்கள்

டூல் மாற்ற மெஷினை நிறுத்துகிறீர்களா? முதலில் அதன் அளவெடுப்பு டைமரை, அதாவது பீஸை அளக்கும் நேரம் வந்ததும் ஆபரேட்டரைக் கூப்பிடும் மென்பொருள் டைமரை, பாஸ் (pause) செய்யுங்கள். இல்லையென்றால் அரை மணிக்கொரு தரம் திரை சிவப்பாகும். தொல்லை தாங்காமல் ஆபரேட்டர் பழைய பீஸையே மறுபடி அளந்து போட்டுவிடுவார். கன்ட்ரோல் சார்ட்டுக்கு (அளவுகள் நேரப்போக்கில் எப்படி மாறுகின்றன என்று காட்டும் வரைபடம்) அதைவிடக் கெடுதல் இல்லை. காரணத்தையும் பதியுங்கள். "இன்சர்ட் மாற்றம்" (டூலின் வெட்டுமுனையை மாற்றியது) என்று இரண்டு சொல் போதும், ஆடிட்டில் அந்த இடைவெளிக்கு அதுதான் பதில். மற்ற மெஷின்களின் டைமர் ஓடட்டும். மொத்தமாக நிறுத்துவதை நான் அனுமதிப்பதே இல்லை.

அப்புறம் ரெஸ்யூம், அதாவது டைமரை மறுபடி ஓடவிடுவது. சில மென்பொருள் மிச்ச நேரத்திலிருந்து எண்ணும், சில புதிதாகத் தொடங்கும். எதுவானாலும் சரி, மாற்றத்துக்குப் பின் வரும் முதல் பீஸை உடனே அளந்துவிடுங்கள். டைமர் கூப்பிடும்வரை காத்திருக்க வேண்டாம். ஷிஃப்ட் முடிந்தால், பாஸில் இருப்பவற்றை அடுத்து வருபவரிடம் சொல்லிவிட்டுக் கிளம்புங்கள்.