ஆட்டோஃபேஜி சோதனை: பட்டை தடித்தால் மட்டும் போதாது

தரமணியிலும் கிண்டியிலும் ஆட்டோஃபேஜி (செல் தன் பழுதான பகுதிகளைத் தானே செரித்துக்கொள்வது) பார்க்கத் தொடங்கும் ஆராய்ச்சி மாணவர்கள் பிளாட்டை, அதாவது புரதங்களைப் பட்டைகளாகக் காட்டும் படத்தை, கொண்டுவந்து என்னிடம் காட்டுவார்கள். பைப்பெட் பிழை, ஆன்டிபாடி நீர்ப்பு போன்றவை கை பழகினால் சரியாகிவிடும். அவற்றை விட்டுவிடுகிறேன். வருடக்கணக்கான உழைப்பை விழுங்கும் தவறுகள் வேறு.

எல்சி3-II கூடினால் ஆட்டோஃபேஜி கூடியது என்று எழுதுவது

செல் தன் பழுதான மைட்டோகாண்ட்ரியாவையும் புரதக் கட்டிகளையும் இரட்டைச் சவ்வுப் பையில் அடைத்து, லைசோசோமுக்கு அனுப்பிச் செரிக்கிறது. கிடைக்கும் அமினோ அமிலங்களை மறுபடி பயன்படுத்திக்கொள்கிறது. எல்சி3 புரதம் தனியாக இருந்தால் எல்சி3-I, அதில் ஒரு கொழுப்பு ஒட்டினால் எல்சி3-II. அந்தப் பையின் சவ்வில் உட்காரும். ஆகவே எல்சி3-II காட்டுவது இப்போது எத்தனை பைகள் இருக்கின்றன என்பதைத்தான். எத்தனை செரிந்தன என்பது அதில் தெரியாது. தெருமுனைத் தொட்டி நிரம்பி வழிந்தால் குப்பை கூடியிருக்கலாம், மாநகராட்சி லாரி வராமலும் இருந்திருக்கலாம்.

மலேரியா மருந்தான குளோரோகுயினைப் போட்டுப் பாருங்கள். எல்சி3-II பட்டை நன்றாகத் தடிக்கும். ஆனால் அது செரிமானத்தைத் தடுக்கும் மருந்து.

ஒரு மாணவி மூலிகைச் சாறு ஒன்றை மார்பகப் புற்றுநோய் செல்களில் போட்டு, பட்டை தடித்ததைப் பார்த்து, "தூண்டுகிறது" என்று ஒரு அத்தியாயமே எழுதி முடித்திருந்தார். "பாஃபிலோமைசின் போட்டீர்களா அம்மா?" என்று கேட்டேன். லைசோசோமில் செரிமானத்தைத் தடுக்கும் மருந்து அது. "கைடு வேண்டாம்னு சொல்லிட்டார் சார்." அப்புறம் போட்டுப் பார்த்தோம். பாஃபிலோமைசின் மட்டும் போட்ட வரிசையும், சாறும் சேர்த்துப் போட்ட வரிசையும் ஒரே தடிமன். சாறு ஆட்டோஃபேஜியைத் தூண்டவில்லை, அடைத்துக்கொண்டிருந்தது. அத்தியாயத்தின் முடிவையே தலைகீழாக மாற்ற வேண்டியதாயிற்று. இதை நினைத்தால் இன்றும் கோபம் வருகிறது, அந்தப் பெண் மேல் அல்ல. துறையின் பொது வழிகாட்டுதல் 2008இல் வந்தது, நான்காம் பதிப்பு 2021இல். எல்லாவற்றிலும் இந்த எச்சரிக்கை இருக்கிறது. படிக்காமல் கையெழுத்துப் போடுகிறவர்களை என்ன சொல்வது?

நான்கு வரிசை ஓட்டுங்கள்: எதுவும் போடாதது, மருந்து மட்டும், பாஃபிலோமைசின் மட்டும், இரண்டும் சேர்ந்தது. நான்காவது மூன்றாவதைவிடத் தடித்தால்தான் தூண்டல். பாஃபிலோமைசின் பொதுவாக 100 நானோமோலார், 2 முதல் 4 மணி நேரம். இரவு முழுக்க விட்டால் செல் வேறு காரணத்துக்காகத் தவிக்கும்.

எல்சி3-I ஆல் வகுப்பது

எல்சி3-II பட்டையை எல்சி3-I ஆல் வகுக்காமல், ஒப்பீட்டுக்கு வைக்கும் ஆக்டின் புரதத்தோடு ஒப்பிடுங்கள். எல்சி3-I நிலையற்றது, உறைந்து இளகினால் சிதையும். மின்தடையில் ஃபிரீசர் இளகிய சாம்பிளில் மேல் பட்டையான எல்சி3-I மங்கி, விகிதம் தானாக ஏறிவிடும். பிளாட்டில் கீழே ஓடுவதுதான் எல்சி3-II என்பதையும் கவனியுங்கள். எடை கூடினாலும் அந்தக் கொழுப்பினால் ஜெல்லில் வேகமாக ஓடுகிறது.

0.45 மைக்ரான் சவ்வு

ஜெல்லிலிருந்து புரதத்தை மாற்றும் சவ்வில் இந்தத் துளை அளவு வேண்டாம். 0.2 மைக்ரான் பிவிடிஎஃப் சவ்வு போதும்.

பி62 குறைந்தால் போதும் என்று நிறுத்துவது

பி62 ஆட்டோஃபேஜியில் செரியும் புரதம்தான். ஆனால் ஆக்சிஜனேற்ற அழுத்தத்தில் என்ஆர்எஃப்2 என்ற கட்டுப்பாட்டுப் புரதம் பி62 மரபணுவையே முடுக்கிவிடும். எம்ஆர்என்ஏ அளவையும் பாருங்கள்.

நெரிசலான தட்டு

பொங்கல் விடுமுறைக்கு முன் செல்லைப் போட்டுவிட்டு ஊருக்குப் போய்த் திரும்பினால், செல் வளரும் திரவமான மீடியம் மஞ்சளாகியிருக்கும். அமினோ அமிலம் குறைந்து, ஆட்டோஃபேஜியை அடக்கி வைக்கும் எம்டிஓஆர் புரதம் ஓய்ந்து, மருந்தே போடாத கன்ட்ரோல் தட்டில் ஆட்டோஃபேஜி ஓடிக்கொண்டிருக்கும். அதோடு எதை ஒப்பிட்டாலும் மருந்தின் வேலை சிறிதாகத்தான் தெரியும். எல்லாத் தட்டிலும் ஒரே அடர்த்தி, சோதனைக்கு முன் புது மீடியம்.

3-எம்ஏ

ஆட்டோஃபேஜியைத் தடுக்கப் போடும் மருந்து இது. நீண்ட நேரம் வைக்காதீர்கள். ஊட்டம் நிறைந்த மீடியத்தில் அது ஆட்டோஃபேஜியைக் கூட்டவும் செய்யும். ஆட்டோஃபேஜிக்கு வேண்டிய ஏடிஜி5 அல்லது ஏடிஜி7 மரபணுவை நீக்கிய செல் கிடைத்தால் அதையே பயன்படுத்துங்கள்.