கோத்தகிரி நாட்கள் திரும்பக் கிடைத்தன

அம்மா தேயிலைச் சரிவில் விழுந்து இடுப்பெலும்பு முறிந்தபோது, அமெரிக்காவில் எச்1பி என்ற வேலை விசாவில் இருந்த நான் கோத்தகிரிக்கு ஓடிவந்தேன். அலுவலகத்தில் எழுத்தில் அனுமதி வாங்கி, இரண்டு மாதம் இங்கிருந்தே வேலை பார்த்தேன். இரவெல்லாம் மீட்டிங், விடிந்தால் அம்மாவுக்குக் கஞ்சி.

அப்புறம்தான் கவலை வந்தது: விசாவின் 6 ஆண்டு வரம்பு முடியப்போகிறது. வழக்கறிஞரிடம் கேட்டேன். அமெரிக்காவுக்கு வெளியே முழுதாக 24 மணி நேரம் கழிந்த நாட்கள் அந்த வரம்பில் சேராதாம். நிறுவனம் நீட்டிப்பு மனுவில் ஆதாரத்தோடு கேட்கவேண்டும். புறப்பட்ட நாளும் திரும்பிய நாளும் மட்டும் திரும்பக் கிடைக்காது.

ஆதாரம்தான் பெரும்பாடு. போர்டிங் பாஸ் அம்மாவின் மாத்திரை டப்பாவுக்கடியில் ஈரத்தில் ஒட்டி, மை மங்கிக் கிடந்தது. நல்லவேளை, பாஸ்போர்ட்டில் முத்திரைகள் தெளிவாக இருந்தன; ஐ-94 என்ற அமெரிக்க வருகை-புறப்பாட்டுப் பதிவின் பயண வரலாற்றையும் இணையத்தில் எடுத்து இணைத்தோம். 58 நாட்களும் கிடைத்தன.