'ப்ளீஸ்' போட்டும் ஏன் முகம் சுளிக்கிறார்கள்?

தமிழில் 'அனுப்பு' என்பதோடு ஒரு 'ங்க' சேர்த்தால் மரியாதை வந்துவிடும். அதே நினைப்பில்தான் ஆங்கிலத்தில் 'ப்ளீஸ்' சேர்க்கிறோம். ஆனால் 'ப்ளீஸ் செண்ட் த ரிப்போர்ட் டுடே' என்பது ப்ளீஸ் ஒட்டிய கட்டளைதான். எதிராளி 'முடியாது' என்று சொல்ல இடம் விட்டிருக்கிறோமா என்பதைத்தான் ஆங்கிலக் காது முதலில் கவனிக்கும்.

ஆகவே முதல் வேலை, வாக்கியத்தைக் கேள்வியாக்குவது: 'குட் யூ செண்ட் த ரிப்போர்ட் டுடே?' ப்ளீஸ் வேண்டுமென்றால் 'குட் யூ' என்பதை அடுத்து வரட்டும். பேசும்போது அதைக் கடைசியில் வைத்து அழுத்தினால் ('குட் யூ லிசன், ப்ளீஸ்!') வகுப்பில் அதட்டுவது போலிருக்கும். கேட்பவருக்கே நன்மை தரும் விஷயத்தில் மட்டும் இந்த விதி தலைகீழ். 'ப்ளீஸ் சிட் டவுன்', 'ஹாவ் அனதர் ஒன்' எல்லாம் நேரடியாக இருந்தால்தான் உபசாரம்.

உதவி பெரிதாகப் பெரிதாக வாக்கியமும் நீளும். பேனா கேட்க 'கேன் ஐ பாரோ யுவர் பென்?' போதும். ஒரு வாரம் விடுப்பு கேட்க 'ஐ வாஸ் வொண்டரிங் இஃப் ஐ குட் டேக் நெக்ஸ்ட் வீக் ஆஃப்' என்று போக வேண்டும். இங்கே 'வாஸ்' நடந்து முடிந்ததைச் சொல்ல வரவில்லை. கொஞ்சம் தள்ளி நின்று கேட்பதைக் காட்டுகிறது. அளவு மாறினாலும் வம்புதான். நெருங்கிய நண்பரிடம் 'வுட் யூ பி ஸோ கைண்ட் ஆஸ் டு க்ளோஸ் த டோர்?' என்றால் குத்தலாகத்தான் எடுத்துக்கொள்வார்.

'வுட் யூ மைண்ட் வெயிட்டிங்?' என்று யாராவது கேட்டால் 'யெஸ்' சொல்லிவிடாதீர்கள். 'ஆட்சேபணை உண்டா?' என்பதுதான் கேள்வி. 'யெஸ்' என்றால் உண்டு என்றாகிவிடும். 'நாட் அட் ஆல்' என்பதே பதில்.

'ஆஃப் கோர்ஸ்' இன்னும் வஞ்சகமானது. 'கேன் ஐ சிட் ஹியர்?' என்பதற்கு அது தாராளமான சம்மதம். 'இஸ் த மீட்டிங் அட் டென்?' என்பதற்கோ 'இதுகூடத் தெரியாதா?' என்ற தொனி வந்துவிடும். தகவல் கேட்டால் 'யெஸ், இட் இஸ்' போதும்.

'யூ ஹேட் பெட்டர்' அறிவுரைக்கானது என்று இலக்கணப் புத்தகத்தில் படித்திருப்போம். 'இல்லாவிட்டால் பார்' என்ற மிரட்டலும் அதில் ஒளிந்திருக்கிறது. மேலாளரிடமோ வாடிக்கையாளரிடமோ 'யூ மைட் வாண்ட் டு' என்று தொடங்குங்கள்.

மின்னஞ்சலில் அதிகம் கடுப்பேற்றுவது 'ஆஸ் பெர் மை லாஸ்ட் இமெயில்'. 'எழுதியதைப் படிக்கவே இல்லையா?' என்றுதான் அது போய்ச் சேரும். அதை வெட்டிவிட்டு, தேதியோ தொகையோ, கேட்ட விவரத்தை மறுபடி ஒருமுறை எழுதிவிடுங்கள். 'வித் ஆல் டியூ ரெஸ்பெக்ட்' என்றாலே அடுத்து மறுப்பு வரப்போகிறது என்று எல்லோருக்கும் தெரியும், ரெஸ்பெக்ட் அங்கே பேருக்குத்தான். 'ஐ சீ இட் டிஃபரண்ட்லி' என்று சொல்லி நேரே காரணத்துக்கு வாருங்கள்.

'தேங்க்ஸ் இன் அட்வான்ஸ்' சின்ன வேலைக்குப் பரவாயில்லை. பெரிய உதவிக்குப் போட்டால், ஒப்புக்கொள்ளும் முன்பே கையெழுத்து வாங்கியது போல் உறுத்தும். 'தேங்க்ஸ் ஃபார் கன்சிடரிங் திஸ்' என்று முடிக்கலாம். 'கைண்ட்லி' இந்திய அலுவலகங்களில் சகஜம். பிரிட்டிஷ், அமெரிக்க வாசகர் பலருக்கு அறிவிப்புப் பலகை வாடை அடிக்கும்.

காதில் சரியாக விழவில்லையா? வெறும் 'வாட்?' முரட்டுத்தனம். 'ஐ பெக் யுவர் பார்டன்?' மரியாதையான தொடர்தான், ஆனால் குரலை விறைப்பாக உயர்த்தினால் 'என்ன சொன்னாய் நீ?' என்று சண்டைக்கு நிற்பதாகிவிடும். 'ஸாரி, குட் யூ ஸே தட் அகெய்ன்?' என்று கேட்டால் தொனி பிசகினாலும் பெரிய சேதமில்லை.